நெல்லில் தாவும் கருப்புச் சுவர்க்கோழி: மருந்துக்கு முன் பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் இரண்டரை ஏக்கரில் சம்பா நட்டு 35 நாள் ஆகிறது. வயலில் இறங்கினால் நெல்மணி அளவேயுள்ள கருப்புச் சுவர்க்கோழிகள் தூருக்குத் தூர் தாவுகின்றன. இரவில் ஓயாத சத்தம். சில தாள்களில் நீளவாக்கில் கிழிசல் தெரிகிறது. மருந்துக்கடையில் குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த கூட்டு மருந்தும் கூடவே குருணை மருந்தும் எழுதித் தந்திருக்கிறார்கள். பக்கத்து வயலில் அடித்துவிட்டார்கள். இது என்ன பூச்சி? இந்த மருந்து போதுமா?

பதில்: மருந்து வேண்டுமா என்பதற்கே இன்னும் விடை தெரியாதபோது, போதுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல இயலாது. நீங்கள் விவரிக்கும் உருவம் பெரும்பாலும் மெட்டியோகே விட்டாட்டிகோலிஸ் என்ற இனத்துடையது. வளர்ந்த பூச்சி கருப்பாகவும், குஞ்சுகள் வெளிர் நிறத்தில் பழுப்புக் கோடுகளுடனும் இருக்கும். இது இலைச்சுருட்டுப் புழு, தண்டுத்துளைப்பான், படைப்புழு ஆகியவற்றின் முட்டைகளையும், பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சி, புகையான் ஆகியவற்றின் இளம் குஞ்சுகளையும் தின்று வாழ்வது. அதாவது உங்கள் வயலில் கூலி வாங்காமல் வேலை செய்வது. ஆனால் நிறத்தை மட்டும் வைத்து இதை உறுதி செய்துவிடாதீர்கள். உறுப்புகளைப் பார்த்தபின்தான் பெயர் சொல்ல வேண்டும்.

பூச்சியை விரலால் பிடித்தால் பின்னங்காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும் என்பதால், சிறிய வாய் அகன்ற புட்டியை நெல்தாளின்மேல் கவிழ்த்துப் பிடியுங்கள். கொம்பு உடலைவிட நீண்டு நூல்போல இருக்கிறதா, வாலில் இரு நீண்ட உணர்விழைகள் உள்ளனவா, பாதம் மூன்று கணுக்களால் ஆனதா என்று பாருங்கள். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் அது சுவர்க்கோழி வகையே. நீண்ட கொம்புடைய பச்சை வெட்டுக்கிளிக்குப் பாதத்தில் நான்கு கணுக்கள். அடுத்து பாதத்தின் நடுக்கணுவைக் கவனியுங்கள். வரப்பிலும் தரையிலும் திரியும் சுவர்க்கோழிகளுக்கு இது சிறியதாக, பக்கவாட்டில் நசுங்கியதாக இருக்கும். இலைமேல் வாழும் நம் பூச்சிக்கோ இது மேலிருந்து கீழாகத் தட்டையாகி, இதய வடிவில் விரிந்திருக்கும். வழுக்கும் நெல்தாளில் பிடிப்போடு நடக்க உதவுவது அதுவே. பெண்பூச்சியில் முட்டையிடும் உறுப்பு இன்னும் தெளிவான அடையாளம். தரைச் சுவர்க்கோழிக்கு அது ஊசிபோல் நேராக நீண்டிருக்கும்; மெட்டியோகேவுக்குப் பக்கவாட்டில் தட்டையாகி, அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். குஞ்சுகளில் இறகும் இவ்வுறுப்பும் முழுமை பெறாததால், வளர்ந்த பெண்பூச்சி கிடைக்கும்வரை முடிவுக்கு வர வேண்டாம்.

இரவுச் சத்தத்தை இதன்மேல் ஏற்றுவது தவறு. மெட்டியோகேவின் ஆணுக்கு இறகில் ஒலியெழுப்பும் அமைப்பு கிடையாது. முன்னங்காலில் காதுச் சவ்வும் இல்லை. நீங்கள் கேட்பது வரப்பு வெடிப்புகளில் தங்கும் பெரிய சுவர்க்கோழியாகவோ, இதன் உறவினமான பழுப்பு நிற அனாக்சிஃபாவாகவோ இருக்கலாம். பின்னது சற்றுப் பெரியது, அதுவும் முட்டை தின்பதே.

தாளின் கிழிசலுக்குக் காரணம் வேறு. நடு நரம்பை விட்டுவிட்டு இடைப்பட்ட பகுதியை நீளவாக்கில் தின்றிருந்தால், யூஸ்கிர்ட்டஸ் கான்சின்னஸ் என்ற மெலிந்த, வைக்கோல் நிறச் சுவர்க்கோழியைத் தேடுங்கள். அது உண்மையிலேயே பயிர் தின்னி. அதற்கும் நடுக்கணு இதய வடிவில்தான் இருக்கும் என்பதால் பாதத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. முட்டையிடும் உறுப்பு வளையாமல் நேராக இருப்பதே அங்கு வேறுபாடு. ஆனாலும் தூர்கட்டும் பருவத்தில் இத்தகைய கிழிசலைப் பயிர் புதுத்தாள் விட்டு ஈடு செய்துகொள்ளும்.

இனி மருந்துக்கடைச் சீட்டைப் பற்றி. பூச்சியைப் பார்க்காமல் எழுதப்பட்ட சீட்டு அது. கடையின் சரக்கிருப்பில் உள்ள மருந்துக்கு எந்தப் பூச்சி பொருந்துமோ அந்தப் பூச்சியே உங்கள் வயலில் இருப்பதாகச் சொல்லப்படும். இதை வியாபாரம் என்று சொல்லலாம், ஆலோசனை என்று சொல்லக்கூடாது. சைபர்மெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டுகளை நெல்லில் அடித்தால் புகையான் மீண்டும் பெருகும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. புகையான் குஞ்சைத் தின்னும் சிலந்தியும் சுவர்க்கோழியும் முதலில் மடிவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வியட்நாமின் மெகாங் டெல்டாவில் 1990-களில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தினருடன் சேர்ந்து விவசாயிகள் முதல் 40 நாள் பூச்சிமருந்தே அடிக்காமல் தங்கள் நிலத்தில் சோதித்துப் பார்த்தனர். இலை தின்னும் புழுக்களுக்காக அடிக்கும் அந்தத் தொடக்க மருந்து வீண் செலவு என்று அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு விளைச்சல் குறையாதிருந்தது. பக்கத்து வயல்காரர் அடித்தது உங்களுக்கு அவசரத்தைத் தரக்கூடாது. அங்கிருந்து தப்பும் நன்மைப் பூச்சிகள் உங்கள் வயலில்தான் ஒதுங்க வேண்டியிருக்கும்.

தெளிப்பான் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வாங்கியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், கேட்பவர் குறைவு. மேலே சொன்ன பாதமும் முட்டையிடும் உறுப்பும் அதிலேயே தெரியும்; ஒரு முறை தெளிக்கும் மருந்துக்கும் கூலிக்கும் ஆகும் செலவில் சிறு பங்குதான் அதன் விலை. லென்ஸ் கையில் இருந்தால், இது முட்டை தின்கிறதா என்று அறிய இன்னொரு சோதனையும் செய்யலாம். இலைச்சுருட்டுப் புழுவின் தட்டையான, மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகள் உள்ள தாளை ஈரப்பஞ்சுடன் இரு புட்டிகளில் இட்டு, ஒன்றில் மட்டும் நம் பூச்சியை விட்டு மெல்லிய துணியால் மூடி, மறுநாள் காலை முட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

இலைச்சுருட்டு தாக்கிய தாள்கள் இப்பருவத்தில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டும்வரை, பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலையில்) நூற்றுக்கு ஐந்தைத் தாண்டும்வரை, தெளிப்பானை இறக்கத் தேவையில்லை. யூரியாவை ஒரே தவணையில் அள்ளிப் போட்டிருந்தால் அப்புழு மிகும் என்பதால் அடுத்த தவணையைக் குறைத்துப் பிரித்து இடுங்கள். இனத்தில் ஐயம் நீடித்தால், ஆண், பெண் இரண்டையும் 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு, பிடித்த நாளையும் பயிர் வயதையும் பென்சிலால் சீட்டெழுதிப் புட்டிக்குள் போட்டு, அருகிலுள்ள வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறைக்குக் கொண்டு செல்லுங்கள். யூஸ்கிர்ட்டஸின் பல்லுள்ள நகம் போன்ற நுண்ணிய அடையாளங்களை அங்குள்ள நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும்.