கல்லும் காரையும்: வாசகர் கேள்விகள்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், கும்பகோணம்

கே: இத்தாலியில் வேலை பார்க்கும் மகன் எங்களை சிசிலித் தீவில் நோட்டோ என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். கோயில், மாளிகை, படிக்கட்டு என்று ஊரே ஒரே பாணியில் இருக்கிறதே, எப்படி? - வாசகி, திருவையாறு

ப: மொத்த ஊரும் ஒரே நாளில் இடிந்ததுதான் காரணம், அம்மா. 1693 ஜனவரி 11ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் தென்கிழக்கு சிசிலியில் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். பழைய நோட்டோ மலைமேல் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளி புதிதாக மனை போட்டார்கள். பொறுப்பேற்றவர் கமாஸ்த்ரா பிரபு. பழைய இடத்துக்கே திரும்புவோம் என்று ஒரு கூட்டம் வெகுகாலம் மல்லுக்கட்டியது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் குடியிருப்பு மாற்றியபோது எழுந்த சச்சரவுகளைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அப்புறம் 18ஆம் நூற்றாண்டு பூராவும் கட்டினார்கள். அன்றைய மோஸ்தர் பரோக், அதாவது வளைவும் சிற்ப அலங்காரமும் நிறைந்த ஐரோப்பியக் கட்டடப் பாணி. அதனால் எல்லாம் பரோக். கல்லும் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்தான். 2002இல் நோட்டோவோடு சேர்த்து எட்டு ஊர்களை யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் ஏற்றியது.

கே: நோட்டோவில் உள்ள நிக்கொலாச்சி மாளிகையின் பால்கனிகளுக்கு அடியில் சிங்கம், குதிரை எல்லாம் படத்தில் பார்த்தேன். நம் கோபுரத்துச் சுதைப் பொம்மை மாதிரி வெறும் அலங்காரமா? - வாசகர், சுவாமிமலை

ப: இல்லை. சுவருக்குள் இறங்கி நிற்கும் கல் தாங்கியின் வெளிமுனையைத்தான் அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். பால்கனியின் பாரம் அதன்மேல் இறங்குகிறது. நம் சுதை, செங்கல்மேல் ஒட்டிய காரை, எதையும் சுமக்காது. இன்னொன்றும் சொல்கிறேன்: ரொசாரியோ கல்யார்தி கட்டிய சான் தொமேனிக்கோ கோயிலின் முகப்பைப் பாருங்கள். சுவரே முன்பக்கம் புடைத்து வளைந்து நிற்கும். பொம்மைகளைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

கே: அங்கே பெரிய கோயிலின் குவிமாடம் விழுந்ததாமே, மறுபடி நிலநடுக்கமா? - வாசகர், மன்னார்குடி

ப: பாதிதான் நிலநடுக்கம். 1990 டிசம்பரில் ஒன்று வந்து விரிசல் விட்டது. விழுந்தது 1996 மார்ச் 13 இரவு. உள்ளே ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. இடிபாட்டைக் கிளறியபோது குட்டு உடைந்தது. தூண்களுக்கு வெளியேதான் செதுக்கிய கல். உள்ளே உருண்டைக் கூழாங்கல்லும் சத்தில்லாத சாந்தும். அந்தத் தூண் சுமந்துகொண்டிருந்த மரக்கூரையை 1950களில் எடுத்துவிட்டு கனமான கான்கிரீட் தளம் போட்டிருந்தார்கள். பழுது பார்க்கிறேன் என்று ஏற்றிய பாரம்! திரும்பக் கட்டும்போது தூண்களை முழுக்கக் கல்லாலேயே எழுப்பி 2007இல் திறந்தார்கள்.

இங்கேயும் இந்த வியாதி உண்டு. மண்டபம் ஒழுகினால் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடுவார்கள். நான் பார்த்த ஒரு மண்டபத்தில் கடப்பாரை போட்டுப் பெயர்த்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தளம் கிடந்தது, நடுவில் அரசமர வேர். தண்ணீர் அந்த வேர் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் ஊர்த் திருப்பணிக் குழு மேலே கான்கிரீட் என்று பேச ஆரம்பித்தால், கீழே இருக்கும் தூணுக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள் சார்.

கே: மே மாதம் போனால் பூத்திருவிழா பார்க்கலாமா? - வாசகி, மயிலாடுதுறை

ப: பார்க்கலாம். மே மூன்றாம் ஞாயிற்றை ஒட்டி நிக்கொலாச்சி தெரு முழுக்கப் பூவிதழால் படம் வரைகிறார்கள். ஆனால் கூட்டம் தாங்காது. கட்டடம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் திருவிழா முடிந்த அடுத்த வாரம் போங்கள்.