பயணப்படி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மருத்துவமனை ஆய்வகங்களில் இரத்தப் பரிசோதனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராகச் சென்ற மாதம் சேர்ந்திருக்கிறேன். வயது 25. அலுவலகம் சென்னையில், மதுரை முதல் நாகர்கோவில் வரை என் பொறுப்பு. மாதத்தில் பாதி நாட்கள் தனியாக வெளியூரில் தங்க வேண்டும். பெண் என்பதால் அம்மா பயப்படுகிறார், உறவினர்கள் வேறு விதமாகப் பேசுகிறார்கள். என் கவலை, இந்த அலைச்சலில் வாசிப்பு விட்டுப்போய்விடுமோ, விடுதி அறையின் தனிமை என்னை முடக்கிவிடுமோ என்பதுதான். சம்பளம் பெரிதல்ல. ஆனால் பயணப்படியை நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தருகிறார்கள், பில் கேட்பதில்லை. அதில் பாதியை மிச்சம் பிடித்தால், படிப்பை முடித்திருக்கும் தங்கையின் கல்விக் கடனை இரண்டு ஆண்டுகளில் அடைத்துவிடலாம். பயணத்தில் எப்படி வாசிப்பது என்று சொல்வீர்களா?

க., சென்னை

அன்புள்ள க.,

வாழ்த்துகள். கருவி நின்றுபோனதால் சோதனை முடிவுக்காக நோயாளிகள் காத்துக் கிடக்கும் ஓர் ஆய்வகத்துக்குள் நுழைந்து, அதை மீண்டும் ஓட வைத்துவிட்டு வெளியே வருவது நிறைவான தொழில். உறவினர்களின் பேச்சுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவின் பயத்துக்கு மட்டும் மரியாதை கொடுங்கள். ரயில் பெட்டி எண்ணையும் விடுதியின் பெயரையும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலையின் பொருட்டு நீங்கள் செல்லும் இடங்களையும் பணியிடம் என்றே கொள்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வாசிப்பைப் பற்றிய கேள்வி அல்ல. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட அந்த மிச்சக் கணக்கு. அண்மையில் உறவினர் ஒருவருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் இருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல், கடைசி நோயாளியும் போன பிறகு மருத்துவரைப் பார்ப்பதற்காக மருந்து நிறுவனப் பிரதிநிதிகள் சிலர் நின்றிருந்தார்கள். ஒரே பிஸ்கட் பொட்டலத்தைப் பகிர்ந்து தின்றபடி, மூன்று பேர் சேர்ந்து எந்த லாட்ஜில் ஓர் அறை எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உங்கள் வயதுப் பிள்ளைகள். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

என் அப்பா எண்பதுகளில் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மருந்துப் பிரதிநிதியாக இருந்தவர். புதுக்கோட்டைக்குப் போய் அன்றே திரும்பினால் எக்ஸ் ஸ்டேஷன் படி. பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ இரவு தங்கினால் அவுட் ஸ்டேஷன் படி. இரண்டாவது கூடுதல் தொகை; அறை வாடகையும் சாப்பாடும் அதிலேயே அடக்கம் என்பதால், அறையையும் சாப்பாட்டையும் குறைத்தால் குறைத்தது அத்தனையும் கையில் நிற்கும். அப்பா இரண்டையும் குறைத்தார். மதியம் டீயும் பன்னும். இரவு மருத்துவர் கூப்பிடும்போது ஓட்டல்கள் மூடியிருக்கும். வயிறு எரிந்தால் பையில் இருக்கும் அமில எரிச்சல் மாத்திரை சாம்பிளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலைய பெஞ்சில் படுத்துவிடுவார். ஊருக்கு வந்ததும் மிச்சப் பணத்தை அம்மாவின் கையில் கொடுப்பார். ஒரு காசு வீணாக்காத பிள்ளை என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். எங்கள் வீட்டுக்கு மொசைக் தரை அந்தப் பணத்தில்தான் வந்தது. பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அவர் இரத்த வாந்தி எடுத்து விழுந்தபோது, அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வேறு நிறுவனங்களின் பிரதிநிதிகள். அவருடைய நிறுவனம் பிடித்தம் போட்டுச் சம்பளம் அனுப்பியது. படுக்கையில் கிடந்த மாதங்களில் படி இல்லை. படி இல்லாமல் அந்தச் சம்பளம் எவ்வளவு சிறியது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பயணப்படி உங்கள் வருமானம் அல்ல. வீட்டில் இருந்தால் கிடைத்திருக்கும் சோறும் படுக்கையும் பாதுகாப்பும் வெளியூரில் குறையக்கூடாது என்பதற்காக உங்கள் உடம்புக்குத் தரப்படும் பணம் அது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே அந்தப் படிக்கு உண்மையில் செலவான அளவுக்குத்தான் விலக்குத் தந்தது. மிஞ்சியதற்கு வரி உண்டு. வருங்கால வைப்புநிதிக் கணக்கில் அது பொதுவாகச் சேராது, பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கிலும் பொதுவாகச் சேராது. சம்பளம் பெரிதல்ல, ஆனால் படியை மொத்தமாகத் தருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிறுவனம் விரும்புவதும் நீங்கள் அப்படி நினைத்துத் திருப்தியடைவதைத்தான். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, நீங்கள் பட்டினி கிடந்தால் மட்டும் சரியாகிவிடும் ஒரு வருமானத்தை உங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பணத்தை நம்பி மாதத் தவணை கட்டத் தொடங்கிவிட்டால், காய்ச்சலோடும் வண்டி ஏறுவீர்கள்; வேண்டாத பயணத்தை மறுக்க மாட்டீர்கள்; நாளை அலுவலகத்துக்குள்ளேயே நல்ல பொறுப்பொன்று வந்தாலும் தயங்குவீர்கள்.

ஒரு பெண் எதில் மிச்சம் பிடிப்பாள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். கன்னியாகுமரி விரைவு வண்டியில் வந்து இருள் பிரியும் முன்பே நாகர்கோவில் சந்திப்பில் இறங்கி, விடுதியில் நாள் கணக்கு பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கும் என்பதால் அரை நாள் வாடகையை மிச்சப்படுத்த நடைமேடையிலேயே உட்கார்ந்திருப்பாள். தாழ்ப்பாள் சரியில்லாத மலிவு அறையை எடுப்பாள். ஆட்டோவை விட்டுவிட்டு இருட்டில் நடப்பாள். இவற்றைச் சிக்கனம் என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் தங்கை படித்து முடித்தவள். அக்கா இப்படிக் கிடந்துதான் கடன் அடைகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் அந்தப் படிப்பு அவளுக்கு இனிக்குமா? அவளிடம் கேட்டீர்களா?

இரண்டு ஆண்டுகள் என்ற கெடுவை யார் வைத்தார்கள்? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணையைத் தொடங்கலாம். திருப்பிச் செலுத்தப் பதினைந்து ஆண்டுகள் வரை உண்டு. கடன் பத்திரத்தை எடுத்து, உங்கள் வங்கி கொடுத்திருக்கும் காலத்தைப் பாருங்கள். பழைய வரிமுறையில் கல்விக் கடன் வட்டிக்குக் கிடைத்த சலுகை கடன் வாங்கிப் படித்தவர் தானே கட்டும்போது உண்டு. அக்கா கட்டினால் கிடையாது. தங்கை வேலைக்குப் போகட்டும், அவளே கட்டட்டும். உங்களால் முடிந்ததைச் சம்பளத்திலிருந்து கொடுங்கள், படியிலிருந்து வேண்டாம்.

அடுத்த பயணத்துக்கு முன் மேலாளரிடம் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: பயணத்துக்கு முன்பணம் உண்டா, விடுதியை நிறுவனமே பதிவு செய்து நேரடியாகப் பணம் கட்டுமா, விடியற்காலையில் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய இரவின் வாடகை கிடைக்குமா. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். இந்தப் பேச்சை ஒருவரேனும் தொடங்காத அலுவலகத்தில், இந்தத் தொகையிலேயே மிச்சம் பிடிக்கிறார்களே என்று சொல்லி அடுத்து வருகிறவர்களுக்குப் படியை உயர்த்தாமல் விட்டுவிடுவார்கள்.

வாசிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பையில் ஒரே ஒரு தடித்த நாவல் போதும். வேலை முடிந்த களைப்பில் படிக்க முயலாமல் காலையில் படியுங்கள். மாலையில் அறை பிடிக்கவில்லை என்றால் பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது; மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. முதலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மேலாளர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.