பி.காம். படிப்பவருக்குக் காளான் எதற்கு?

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் வேறு துறையிலிருந்து ஒரு என்.எம்.இ. பேப்பர், அதாவது முதன்மைப் பாடம் சாராத விருப்பப் பாடம், எடுக்க வேண்டும். தாவரவியல் துறை நடத்தும் காளான் வளர்ப்பு வகுப்பில் சேர எனக்கு ஆசை. தோழிகள் எல்லோரும் கணினித் துறையின் எம்.எஸ். ஆபீஸ் எடுக்கிறார்கள். அங்கே இன்டர்னல் மார்க் தாராளமாகப் போடுவார்களாம். "பி.காம். படிக்கிற பிள்ளைக்குக் காளான் எதுக்கும்மா?" என்று மாமா கேட்கிறார். பிளஸ் டூவில் நான் உயிரியல் படிக்கவில்லை. தெரியாத துறையில் போய் மாட்டிக்கொள்வேனோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

காளான் வகுப்பிலேயே சேருங்கள்.

பயத்துக்குக் காரணமே இல்லை. என்.எம்.இ. பாடத்திட்டம் பிற துறை மாணவர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. தாவரவியல் மாணவர்கள் அந்த வகுப்பில் இருக்க மாட்டார்கள். உங்களைப் போலவே தமிழ், வரலாறு, கணிதம் படிப்பவர்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பொதுவாக வாரம் இரண்டு மணி நேரம், இரண்டு கிரெடிட். பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்பதைப் பகுதி மூன்றின், அதாவது உங்கள் முதன்மை, துணைப் பாடங்களின், மதிப்பெண்தான் முடிவு செய்கிறது. என்.எம்.இ. வருவது பகுதி நான்கில். அதில் தேர்ச்சி பெற்றாக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கல்லூரியிலும் இதே விதியா என்று துறைத்தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால், இன்டர்னல் மார்க்கை நம்பி ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்கு என்ன லாபம்?

எம்.எஸ். ஆபீஸ் வேண்டாத விஷயம் என்று நான் சொல்லவில்லை. எக்செல் தெரியாமல் இன்று எந்தக் கணக்கு அலுவலகத்திலும் காலம் தள்ள முடியாது. ஆனால் அது எப்படியும் உங்கள் கைக்கு வந்துவிடும். வேலையே சொல்லிக்கொடுத்துவிடும். காளான் படுக்கை போட இன்னொரு வாய்ப்பு எப்போது வரும்?

அந்த வகுப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, ஆறவிடுவார்கள். கைப்பிடி வைக்கோலை அழுத்திப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். அந்தப் பதம் வந்ததும் பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஓர் அடுக்கு காளான் வித்து என்று மாற்றி மாற்றி நிரப்பிக் கட்டி, துளை போட்டுத் தொங்கவிடுவார்கள். இந்தப் பைதான் காளான் படுக்கை. சிப்பிக் காளான் என்றால் இரண்டு மூன்று வாரத்தில் அதன் இழை பை முழுக்க வெள்ளையாகப் படரும். வேகவைத்ததில் குறை இருந்தாலோ, கை சுத்தமில்லாவிட்டாலோ பச்சைப் பூஞ்சை பிடித்துவிடும். அந்தப் பையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி உங்கள் பாடத்துக்கு வாருங்கள். நிதியாண்டு முடிவில் விற்காமல் கையில் இருக்கும் இறுதிச் சரக்கை 'அடக்க விலை அல்லது சந்தை விலை, எது குறைவோ அது' என்று மதிப்பிடப் படித்திருப்பீர்கள். பாதி படர்ந்து நிற்கும் ஒரு காளான் பையை மார்ச் 31 அன்று என்ன மதிப்பில் காட்டுவீர்கள்? வைக்கோல் வாங்கிய விலையிலா? நேற்றைக்கு இன்று அது வளர்ந்திருக்கிறதே! இந்தச் சிக்கலுக்காகவே 'இந்த் ஏ.எஸ். 41' என்று வேளாண்மைக்குத் தனிக் கணக்கியல் தரநிலை இருக்கிறது. உயிருள்ள சொத்தை அதன் நியாய மதிப்பிலிருந்து, அதாவது அன்றைக்குச் சந்தையில் விற்றால் கிடைக்கும் விலையிலிருந்து, விற்பனைச் செலவைக் கழித்து மதிப்பிடச் சொல்கிறது. பறித்த காளானுக்கும் பறிக்கும் நேரத்தில் அதே முறைதான். அதற்குப் பிறகுதான் அது சாதாரணச் சரக்கு. பெரிய நிறுவனங்களுக்கான விதி இது, உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாமலும் போகலாம். ஆனால் ஒரு பை நாளுக்கு நாள் வளர்வதையும் இன்னொன்று பச்சை பிடித்து வீணாவதையும் கண்ணால் பார்த்தவருக்கு இப்படி ஒரு விதி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வேறு துறை வகுப்பு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். உங்கள் துறையில் விதியாக மனப்பாடம் செய்தது, அங்கே பொருளாக முன்னால் நிற்கும்.

ஒன்றை மட்டும் சேருவதற்கு முன் விசாரியுங்கள். சென்ற ஆண்டு அந்த வகுப்பில் இருந்த சீனியர் அக்காக்களிடம், "படுக்கை போட்டீங்களா, நோட்ஸ் மட்டும்தானா?" என்று கேளுங்கள். சில இடங்களில் காளானைப் பற்றி ஐந்து யூனிட் எழுதிப்போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் அது. உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான் என்றால் யோசிக்காமல் வேறு துறையைப் பாருங்கள். வேதியியல் துறை உணவுக் கலப்படத்தைச் சோதனையோடு நடத்தினால் அதுவும் நல்ல வகுப்புதான். கையால் செய்ய ஏதாவது இருக்க வேண்டும்.

மாமாவிடம் வாதாட வேண்டாம். ஒரு படுக்கைக்கு வைக்கோல், வித்து, பை, எரிபொருள் என்று ஆகும் செலவையும், பறித்த அன்றே விற்காவிட்டால் வாடிப்போகும் சரக்கின் விலையையும் போட்டு ஓர் அடக்கக் கணக்கு எழுதிக் காட்டுங்கள். அதையே அந்த வகுப்பின் அசைன்மென்டாகவும் கொடுக்கலாம், ஆசிரியை மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இடம் குறைவாக இருக்கும். படிவம் கொடுக்கும் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.