நான்காவது நிறுவனம் வந்ததும் கணக்கு ஏன் சிதறுகிறது?

கேள்வி: முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்காக, ஒரே பொருளை எவ்வளவு தயாரிப்பது என்று நிறுவனங்கள் போட்டியிடும் கூர்னோ மாதிரியைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். விலை = 100 − மொத்த உற்பத்தி. எந்த நிறுவனத்துக்கும் ஓர் அலகு தயாரிக்க ஆகும் செலவு 10. எல்லாமே 20 அலகில் தொடங்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும், மற்றவர்கள் போன சுற்றில் எவ்வளவு தயாரித்தார்கள் என்று பார்த்து, தனக்கு அதிக லாபம் தரும் அளவுக்கு மாறிக்கொள்ளும். உற்பத்தி பூஜ்யத்துக்குக் கீழே போகாமலும் தடுத்திருக்கிறேன். இரண்டு நிறுவனங்கள் என்றால் விடை 30இல் வந்து நிற்கிறது. மூன்று என்றால் 20, 25, 20, 25 என்று ஆடிக்கொண்டே இருக்கிறது. நான்கு என்றால் கொஞ்ச நேரத்தில் 0, 45, 0, 45 என்று ஆகிவிடுகிறது. என் மாதிரிக்குச் சமநிலையே இல்லையா? கோடில் தப்பா? வேறு மென்பொருள் வேண்டுமா?

பதில்: கோடில் தப்பில்லை. சமநிலையும் இருக்கிறது. நான்கு நிறுவனங்கள் என்றால் ஆளுக்கு 18 அலகு, விலை 28. இதைச் சரிபார்க்கப் பேனாவும் தாளும் போதும். மற்ற மூன்றும் சேர்ந்து 54 தயாரித்தால், நான்காவதற்கு அதிக லாபம் தரும் அளவு (90 − 54) ÷ 2, அதாவது 18. யாருக்கும் அங்கிருந்து நகரத் தேவையில்லை, அதுதான் சமநிலை. சிக்கல் என்னவென்றால், நீங்கள் எழுதிய வழி அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. சமநிலை இருப்பது ஒன்று, ஒரு குறிப்பிட்ட கணக்குமுறை அதை எட்டுவது வேறொன்று. பாடநூல்கள் முதலாவதை விரிவாகச் சொல்லிவிட்டு இரண்டாவதை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன என்பது என் வருத்தம்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 18இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று மட்டும் பாருங்கள். தொடக்கத்தில் 20, அதாவது 2 கூடுதல். முதல் சுற்றில் 15, 3 குறைவு. அடுத்து 22.5, 4.5 கூடுதல். அதற்கடுத்து 11.25, 6.75 குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் விலகல் ஒன்றரை மடங்காகிறது, பக்கமும் மாறுகிறது. ஏழாவது சுற்றில் கணக்கு எதிர்ம எண்ணைக் கேட்கிறது. உங்கள் தடுப்பு அதைப் பூஜ்யமாக்குகிறது, அங்கிருந்துதான் 0, 45 ஊசலாட்டம் தொடங்குகிறது.

ஒன்றரை எங்கிருந்து வந்தது? மற்றவர்கள் ஓர் அலகு கூட்டினால் நான் அரை அலகு குறைக்கிறேன். மற்ற மூவருமே ஒரே நேரத்தில் ஆளுக்கு ஓர் அலகு கூட்டினால், நான் ஒன்றரை அலகு குறைக்கிறேன். பிரச்சினை என்னவென்றால், அந்த மூவரும் அதையேதான் செய்கிறார்கள். சந்தை நிரம்பி வழிகிறது என்று பார்த்து எல்லோரும் சேர்ந்து பின்வாங்க, சந்தை காலியாகிறது. காலியாக இருக்கிறதே என்று எல்லோரும் சேர்ந்து உள்ளே பாய்கிறார்கள். இரண்டே நிறுவனங்கள் என்றால் இந்தப் பெருக்கம் அரை, அதனால் ஆட்டம் அடங்குகிறது. மூன்று என்றால் சரியாக ஒன்று, அதனால்தான் உங்கள் 20, 25 அடங்கவும் இல்லை, பெருகவும் இல்லை. பொருளாதார அறிஞர் தியோகாரிஸ் 1960இல் காட்டிய முடிவு இதுவேதான். 1838இல் கூர்னோ இரண்டு கனிமநீர் ஊற்று உரிமையாளர்களை வைத்துத் தொடங்கினார். ஒரே நேரத்தில் மாறும் இந்த முறை தானாக அடங்குவது அந்த இரண்டு பேர் கணக்கில் மட்டும்தான்.

சரி, என்ன செய்யலாம்? எளிய வைத்தியம், முழுதாகத் தாவாமல் பாதி வழி போவது. புதிய உற்பத்தியாகச் சிறந்த பதிலை (அதிக லாபம் தரும் அந்த அளவை) அப்படியே எடுக்காமல், பழைய அளவில் 60 சதவீதமும் சிறந்த பதிலில் 40 சதவீதமும் கலந்து பாருங்கள். 20இல் தொடங்கினால் 12 + 6 = 18. ஒரே சுற்றில் முடிந்துவிட்டது! எல்லோரும் ஒரே அளவில் தொடங்கியதால் கிடைத்த அதிர்ஷ்டம் இது. ஆளுக்கொரு அளவில் தொடங்கினால் பல சுற்றுகள் ஆகும், ஆனாலும் அடங்கிவிடும். நான்கு நிறுவனங்களுக்குப் புதிய பதிலின் பங்கு 80 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பொதுவாக, 4ஐ நிறுவனங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் எல்லை கிடைக்கும்.

எனக்கு இன்னும் பிடித்த வழி, ஒருவர் பின் ஒருவராக மாறுவது. முதல் நிறுவனம் 15க்குப் போகட்டும். இரண்டாவது அந்தப் புதிய 15ஐப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்: 17.5. மூன்றாவது 18.75, நான்காவது 19.375. முதல் சுற்றிலேயே எல்லாம் 18ஐச் சுற்றி வந்துவிட்டன பாருங்கள். லூப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். இது தற்செயலும் இல்லை. விலைக்கோடு நேர்கோடாக உள்ள கூர்னோ மாதிரியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கணிதச் சார்பு (function) ஒளிந்திருக்கிறது. யார் தன் லாபத்தைக் கூட்டிக்கொண்டாலும் அதே அளவு அந்தச் சார்பும் ஏறும். இப்படிப்பட்டவற்றை மொண்டெரரும் ஷாப்லியும் 1996இல் ‘பொட்டென்ஷியல்’ ஆட்டங்கள் என்று வகைப்படுத்தினார்கள். ஒருவர் ஒருவராக மாறும்போது அந்தச் சார்பு ஏறிக்கொண்டே போய் உச்சியில் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பொதுச் சார்பு மொத்த லாபம் அல்ல. எக்செல் சால்வரில் நான்கு லாபங்களையும் கூட்டி உச்சமாக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது ஆளுக்கு 11.25, விலை 55. அது நால்வரும் கூட்டுச் சேர்ந்து நடத்தும் கார்ட்டெல், போட்டிச் சமநிலை இல்லை.

அடுத்தது, எப்போது நிறுத்துவது? பலரும் ‘மாற்றம் 0.001க்குக் கீழே வந்தால் நிறுத்து’ என்று எழுதுவார்கள். பாதுகாப்பாக இருக்கட்டுமே என்று புதிய பதிலின் பங்கை 0.0001 என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? 20இலிருந்து 15ஐ நோக்கி 0.0005தான் நகர்வீர்கள். நிரலும் ‘சமநிலை கிடைத்தது: 20’ என்று சொல்லி நின்றுவிடும். உண்மையில் அங்கே லாபம் 200, யாராவது ஒருவர் மட்டும் 15க்கு மாறினால் 225. ஆகவே எண் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்காதீர்கள். தனியாக விலகினால் யாருக்காவது லாபம் கூடுமா, கூடினால் எவ்வளவு என்று கணக்கிட்டு, அதைத்தான் நிறுத்தும் அளவுகோலாக வையுங்கள். எந்த மாதிரியானாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

இவ்வளவும் எதற்கு, நான்கு சமன்பாடுகளை ஒரேயடியாகத் தீர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். உங்கள் மாதிரிக்குத் தாராளமாக ஆகும், பைத்தானின் கணித நூலகமான நம்பையில் (NumPy) ஒரு வரி. ஆனால் செலவுகள் மாறுபட்டால் கவனம் தேவை. மூன்று நிறுவனங்களுக்கு 10, நான்காவதற்கு 40 என்று வைத்துத் தீர்த்துப் பாருங்கள். விலை 34 என்றும், நான்காவது நிறுவனம் −6 அலகு தயாரிப்பதாகவும் வரும். அந்த −6ஐ மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு மற்றவர்களின் 24ஐ அப்படியே விட்டாலும் தப்பு. நான்காவது வெளியேறிய பிறகு மற்ற மூன்றும் 22.5க்கு வர வேண்டும், விலை 32.5. ‘உற்பத்தி பூஜ்யமாக இருக்கலாம், அப்படியானால் ஓர் அலகு கூட்டுவதால் லாபம் வரக்கூடாது’ என்ற நிபந்தனையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். பாத் (PATH) என்ற மென்பொருள் இந்த வகைக் கணக்கைத் தீர்க்கவே எழுதப்பட்டது. சிறிய மாதிரி என்றால், மேலே சொன்ன ஒருவர் பின் ஒருவர் முறையே பூஜ்யத் தடுப்போடு சரியாக வேலை செய்யும்.

மென்பொருள் கேள்விக்கு வருகிறேன். இந்தப் புராஜெக்ட்டுக்குப் பைத்தான் போதும். பின்னால், ஒவ்வொருவரின் தேர்வுக்கும் கிடைக்கும் லாபத்தை அட்டவணையில் எழுதும் இருவர் ஆட்டங்களுக்குப் போனால் கேம்பிட் (Gambit) என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அத்தகைய ஆட்டங்களில் சமநிலையைக் கண்டுபிடிக்க லெம்கேயும் ஹாவ்சனும் 1964இல் தந்த முறை அதில் இருக்கிறது. ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம் என்ற ஆட்டமானால் அதுவும் தேவையில்லை, சாதாரண நேரியல் திட்டமிடலே (linear programming) போதும். அட்டவணை ஆட்டங்களில் சமநிலை ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். ஒன்று கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடாதீர்கள்.

எல்லாச் சந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும் பொதுச் சமநிலை மாதிரிகளிலும் இதே கதைதான். தேவை அதிகமானால் விலையை ஏற்று, குறைந்தால் இறக்கு என்ற முறை எல்லா நேரமும் சமநிலைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்பதைப் பொருளாதார அறிஞர் ஸ்கார்ஃப் மூன்று பண்டங்களை வைத்தே காட்டினார். அதுவும் 1960இல்தான். பிறகு 1967இல், சமநிலையை நெருங்கிப் பிடிக்கும் ஒரு கணக்குமுறையையும் அவரே தந்தார்.

அறிக்கை எழுதும்போது அந்த 0, 45 ஊசலாட்டத்தை நீக்கிவிடாதீர்கள். இரண்டு, மூன்று, நான்கு நிறுவனங்களுக்கான மூன்று வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே அரை, ஒன்று, ஒன்றரை என்ற பெருக்கத்தை எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும், பதிலும் உங்களிடம் இருக்கிறது.