சர்க்யூட் சந்தேகங்கள்: ‘கம்பி தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?’

கிருஷ்ணகிரியில் மோட்டார் பேனல் போர்டு பட்டறை நடத்துபவர் பதிலளிக்கிறார். இந்த மாதக் கேள்விகள் பெரும்பாலும் கிகேட் மென்பொருளில் வரைந்த சர்க்யூட்டைத் திருத்துவது பற்றியவை.

கேள்வி: மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். போர்வெல் மோட்டாருக்கு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) ஒன்றை நானே செய்யலாம் என்று கிகேட்டில் வரைந்தேன். இன்னொரு ரிலேவுக்கு இடம் விடுவதற்காகப் பழைய ரிலேயை நகர்த்தியபோது கம்பிகள் அங்கேயே நின்றுவிட்டன. ஒவ்வொன்றாக இழுத்து ஒட்டவைத்தேன். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. இ.ஆர்.சி. (இணைப்புப் பிழைகளைத் தேடும் சோதனை) ஓடவிட்டால் ‘பின் நாட் கனெக்டட்’ (பாகத்தின் கால் இணையவில்லை) என்று வரிசையாக வருகிறது. கம்பி தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தொடவில்லை அண்ணா. கம்பியின் முனையும் பின்னின் நுனியும் மிகச் சரியாக ஒரே புள்ளியில் இருந்தால்தான் கிகேட் அதை இணைப்பு என்று எடுத்துக்கொள்ளும். மயிரிழை விலகினாலும் இணைப்பு இல்லை. நாம் வரைவது படம். அது படிப்பது எந்தப் பின் எந்தப் பின்னோடு சேர்கிறது என்கிற பட்டியல். பி.சி.பி. போர்டில் செம்புத் தடம் போவது அந்தப் பட்டியலின்படிதான்.

நீங்கள் ‘எம்’ விசையை அழுத்தி நகர்த்தியிருப்பீர்கள். எம் போட்டால் பொருள் மட்டும் கிளம்பும், கம்பி வராது. ‘ஜி’ போட்டு இழுங்கள், கம்பியும் கூடவே வரும். மவுஸால் இழுத்தாலே ஜி மாதிரி வேலை செய்ய வேண்டுமென்றால், பிரிஃபரன்சஸில் ஸ்கீமேட்டிக் எடிட்டர் பகுதியில் அதற்கென்று ஒரு டிக் இருக்கிறது, போட்டுவிடுங்கள். ஜி-யிலும் ஒரு வம்பு உண்டு. இழுக்கும்போது கம்பி வளைந்து போய் வேறொரு பின்மேல் படுத்துவிட்டால் அதோடும் இணைந்துகொள்ளும். நகர்த்தி முடித்ததும் இதற்கு முன் இல்லாத ஜங்ஷன் புள்ளி (கம்பிகள் சேருமிடத்தில் வரும் புள்ளி) எங்காவது முளைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இனி கட்டத்துக்கு (கிரிட்) வருவோம். கிகேட்டோடு வரும் சிம்பல்களின் (பாகங்களைக் குறிக்கும் உருவங்களின்) பின்கள் 50 மில் கட்டத்தில், அதாவது 1.27 மி.மீ. இடைவெளியில் உட்காரும்படி செய்யப்பட்டவை. ஏதோ எழுத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கக் கட்டத்தை 10 மில்லுக்குக் குறைத்திருப்பீர்கள். பிறகு அதே கட்டத்தில் ரிலேயையும் நகர்த்தியிருப்பீர்கள். அது இப்போது கம்பிகளோடு ஒத்துப்போகாத இடத்தில் நிற்கிறது. கட்டத்தை மறுபடி 50 ஆக்குங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ‘அலைன் எலிமென்ட்ஸ் டு கிரிட்’ என்று வரும், அதைக் கொடுங்கள். அப்புறம் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: இணையாத பின் நுனியில் சின்ன வட்டம், இணையாத கம்பி முனையில் சின்னச் சதுரம் தெரியும். அவை மறைந்தால் இணைப்பு விழுந்துவிட்டது.

இ.ஆர்.சி. சொல்வதைச் சட்டை செய்யாமல் போர்டுக்கு ஆர்டர் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு பேஸ் போனால் மீதி இரண்டில் கரன்ட் ஏறி வைண்டிங் கருகும். ரிலே காயிலுக்குக் கம்பி சேராத பிரிவென்டர் அதை வேடிக்கைதான் பார்க்கும். நம் பக்கத்து ஆழத்துக்கு மோட்டாரை மேலே ஏற்றி இறக்கும் கூலியே போதும், மனிதன் உட்கார்ந்துவிடுவான்.

கேள்வி: ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸில் ஆர் பேஸுக்கான சென்சிங் பகுதியை (பேஸ் வருகிறதா என்று பார்க்கும் பகுதி) வரைந்து, அதையே காப்பி எடுத்து ஒய், பி பேஸ்களுக்கு ஒட்டினேன். ரெசிஸ்டர் எண்களையெல்லாம் மாற்றிவிட்டேன். போர்டில் பார்த்தால் மூன்று பேஸும் ஒரே தடத்தில் சேர்கின்றன! இ.ஆர்.சி.யில் இதற்கு ஒரு வார்த்தை வரவில்லை. மென்பொருளில் கோளாறா அண்ணா?
— ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்பவர், அரூர்

பதில்: மென்பொருள் மேல் தப்பில்லை தம்பி. உள்ளே வரும் கம்பிக்கு ‘பேஸ்_இன்’ என்கிற மாதிரி ஒரு லேபிள் (பெயர்ச் சீட்டு) வைத்திருப்பீர்கள். காப்பி எடுத்தபோது லேபிளும் சேர்ந்தே காப்பியானது. ஒரே தாளில் ஒரே பெயருள்ள லேபிள் எத்தனை இருந்தாலும், நடுவில் கம்பியே இல்லாவிட்டாலும், எல்லாம் ஒரே இணைப்புதான். குளோபல் லேபிளாக இருந்தால் தாள் விட்டுத் தாளும் இணையும். இது தெரிந்தே எல்லோரும் பயன்படுத்துகிற வசதி என்பதால் இ.ஆர்.சி. இதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. எண்களை மாற்ற வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். லேபிளை மாற்றுவதுதான் விட்டுப்போகும்.

பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 415 வோல்ட். போர்டு படத்திலேயே கண்டுபிடித்தீர்கள், தப்பித்தீர்கள். இப்போதைக்கு லேபிள்களை ஆர்_இன், ஒய்_இன், பி_இன் என்று மாற்றுங்கள். சென்சிங் முடிந்து வெளியே போகும் லேபிளையும் விடாதீர்கள், அங்கேயும் இதே கதைதான் இருக்கும். மாற்றிய பிறகு நெட் ஹைலைட் கருவியை எடுத்து ஆர் கம்பியைச் சொடுக்குங்கள். ஒய் பக்கம் எதுவும் ஒளிரக் கூடாது.

அடுத்த போர்டில் காப்பி எடுக்கிற வேலையே வேண்டாம். சென்சிங் பகுதியைத் தனித் துணைத்தாளாக வரைந்து, முதன்மைத் தாளில் அந்த ஒரே கோப்பை மூன்று முறை வையுங்கள். உள்ளேயுள்ள சாதாரண லேபிள்கள் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக நிற்கும். வெளியே வரவேண்டியதை மட்டும் ஹைரார்க்கிக்கல் லேபிளாக (துணைத்தாளை முதன்மைத் தாளோடு இணைக்கும் லேபிள்) கொடுக்க வேண்டும். ஒரு ரெசிஸ்டரின் மதிப்பைத் திருத்தினால் மூன்றிலும் திருந்திவிடும், அது உபரி லாபம்.

கேள்வி: என் ப்ராஜெக்டில் 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு வேறு ஃபுட்பிரின்ட் (போர்டில் பாகம் உட்காரும் இடத்தின் வடிவம்) தேவைப்பட்டது. பழைய சிம்பலை அழித்துவிட்டு, புதிய சிம்பல் வைத்து அதே யு1 என்ற எண்ணையும் கொடுத்தேன். போர்டை அப்டேட் செய்தால் புதிய யு1 ஓரமாக வந்து விழுகிறது. பழைய இடத்திலேயே உட்கார வைக்க முடியாதா?
— பாலிடெக்னிக் மாணவி, பாலக்கோடு

பதில்: முடியும்மா. ஒவ்வொரு சிம்பலுக்கும் கிகேட் உள்ளே ஒரு ரகசிய அடையாள எண் வைத்திருக்கிறது. போர்டில் உள்ள ஃபுட்பிரின்ட் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, யு1 என்ற பெயரை அல்ல. நீ அழித்ததும் அந்த எண் போய்விட்டது. கன்ட்ரோல் இசட் போட்டுத் திரும்ப முடிந்தால் திரும்பிவிடு. முடியாவிட்டால் எஃப்8 அழுத்தி வரும் பெட்டியில், ரெஃபரன்ஸ் எண்ணை வைத்து ஃபுட்பிரின்ட்டுகளை மறுபடி இணைக்கும் ‘ரீ-லிங்க்’ என்ற தேர்வுக்கு டிக் போட்டு அப்டேட் செய். வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும்.

ஃபுட்பிரின்ட் மட்டும் மாறவேண்டும் என்றால் சிம்பலின்மேல் ‘எஃப்’ அழுத்தி அங்கேயே மாற்றலாம். சிம்பலே மாறவேண்டும் என்றால் ‘சேஞ்ச் சிம்பல்’ இருக்கிறது. அழிப்பது கடைசி வழி. இன்னொன்று, போர்டு அச்சாகிக் கைக்கு வந்த பிறகு அனோட்டேட் (பாகங்களுக்கு எண் போடும்) பெட்டியில் பழைய எண்களை ரீசெட் செய்யாதே. போர்டில் ஆர்7 என்று அச்சாகியிருக்கும், படத்தில் ஆர்12 என்று இருக்கும். ரிப்பேருக்கு உட்காருகிறவர் உன்னை வாழ்த்த மாட்டார்.

கேள்வி: இ.ஆர்.சி.யில் ‘இன்புட் பவர் பின் நாட் டிரிவன்’ (பவர் பின்னுக்கு சப்ளை வரவில்லை) என்று வருகிறது. சப்ளை கொடுத்திருக்கிறேனே?
— வாசகர், ஊத்தங்கரை

பதில்: சப்ளை கனெக்டர் வழியாக வருகிறது அல்லவா? கனெக்டர் பின்னை கிகேட் பவர் தரும் இடமாகக் கருதாது. அந்தக் கம்பியிலும் கிரவுண்டிலும் ‘இங்கே பவர் வருகிறது’ என்று சொல்லும் பவர் ஃப்ளாக் சிம்பல் ஒவ்வொன்று வையுங்கள், போய்விடும்.

கேள்வி: எங்கள் யூனிட்டில் பத்து வருடத்து டிசைன்கள் ஈகிள் என்ற இன்னொரு சர்க்யூட் மென்பொருளில் இருக்கின்றன. என்ன செய்வது?
— வாசகர், ஓசூர்

பதில்: ஈகிளுக்கு 2026 ஜூன் 7 வரைதான் ஆதரவு என்று அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2023-லேயே அறிவித்துவிட்டது. ஈகிள் 6 முதல் சேமித்த கோப்புகளை கிகேட்டின் இம்போர்ட் மெனுவில் நேராகக் கொண்டுவரலாம். அதற்கும் பழையவை இருந்தால், ஈகிள் ஓடுகிற கம்ப்யூட்டர் இருக்கும்போதே புதிய வடிவில் சேமித்து வையுங்கள். கொண்டுவந்த பிறகு சர்க்யூட்டையும் போர்டையும் கோப்பு கோப்பாக ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. தினம் ஆர்டர் வருகிற டிசைன்களிலிருந்து தொடங்குங்கள்.

எழுதுகிறவர்கள் கிகேட் வெர்ஷன் எண்ணையும் குறிப்பிடுங்கள். வெர்ஷனுக்கு வெர்ஷன் மெனு இடம் மாறுகிறது.