அக்கா கல்யாணத்துக்கு நானே மேக்கப் போட்டுக்கொள்ள முடியுமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 23, ஊர் தென்காசிப் பக்கம். ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம், முகூர்த்தம் காலை 6-லிருந்து 7.30 வரை. கல்யாணப் பொண்ணுக்கு மட்டும்தான் பார்லரில் பேசியிருக்கிறோம். எனக்கும் சேர்த்துப் போடத் தனியாகக் காசு கேட்டதால் நானே வீடியோ பார்த்துப் பழகுகிறேன். ஃபவுண்டேஷன் போட்டால் முகம் திருநீறு பூசியது மாதிரி வெளுத்துவிடுகிறது, கழுத்து வேறு நிறமாகத் தெரிகிறது. மை அரை மணி நேரத்தில் கண்ணுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முடி இடுப்பு வரை இருக்கிறது, வழவழப்பு அதிகம். கர்ல் செய்தால் நிற்பதில்லை, கொண்டை போட்டால் நழுவுகிறது. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. என்ன வாங்குவது? க்ளாஸுக்குப் போனால்தான் வருமா?

பதில்: தாராளமாக முடியும் தங்கச்சி, இரண்டு மாதம் என்பது போதும் போதும் என்கிற அளவுக்கு நேரம். உங்கள் நாலு புகாரில் ஃபவுண்டேஷன் மட்டும்தான் கடையில் நடந்த தப்பு. மற்ற மூன்றும் அவசரத்தால் வருபவை: க்ரீம் காயும் முன்னால் மை வைப்பது, சூடு ஆறும் முன்னால் கர்லை அவிழ்த்து விடுவது, அன்றைக்கே தலைக்குக் குளித்துவிட்டு வழுக்கும் முடியில் கொண்டை போடுவது. வீடியோ எடுப்பவர்கள் இந்தக் காத்திருக்கிற நேரத்தைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள், பார்ப்பவருக்குச் சலிக்கும் என்று. நீங்கள் அவர்கள் கையைப் பார்த்து அப்படியே செய்கிறீர்கள், ஆனால் நடுவில் போன பத்து நிமிஷம் உங்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

சரி, முகத்திலிருந்து ஆரம்பிக்கலாம். கடையில் உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ட்யூப் லைட் வெளிச்சத்தில் புறங்கையில் ஒரு கோடு இழுத்து, "ஒரு ஷேட் கம்மியா எடுங்க, பளிச்சுனு இருக்கும்" என்று சொல்லி விற்றிருப்பார்கள். புறங்கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதோடு நம்மில் பெரும்பாலோர் தோலுக்கு அடியில் மஞ்சள் சாயல் ஓடும், அதன் மேல் ரோஸ் சாயல் உள்ள வெளிர் ஃபவுண்டேஷனைப் பூசினால் சாம்பல்தான் வரும். உங்கள் நிறத்துக்கு நெருக்கமாகத் தெரியும் மூன்று ஷேடுகளை எடுத்து, கன்னத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கி தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்தில் இறங்குகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் மூன்று கோடு போடுங்கள். அப்படியே கடைக்கு வெளியே வந்து வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் ஒரு நிழலில் நின்று பத்து நிமிஷம் பொறுங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் கொஞ்சம் கறுக்கும், அதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷம். பிறகு செல்ஃபோன் கேமராவில் பாருங்கள், எந்தக் கோடு எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லையோ அதுதான் உங்கள் ஷேட். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது.

வெளுப்புக்கு இன்னொரு காரணம் சன்ஸ்கிரீனாகவும் இருக்கலாம். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை மாநிறத் தோலில் வெள்ளையாகப் படியும், ஃபிளாஷ் ஃபோட்டோவில் அது இன்னும் தூக்கிக் காட்டும். மேலே போடும் வெள்ளைப் பவுடரும் அதே வேலையைச் செய்யும். ஆகவே ஒத்திகை பார்க்கும்போது ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்ப்பதைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண ஆல்பத்தில் போய் முதல் தடவை பார்க்க வேண்டாம்.

போடும் முறை எளிது. மாய்ஸ்சரைசர் போட்டு அது உள்ளே இறங்கும் வரை சும்மா விடுங்கள். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, சொட்டுச் சொட்டாக வராத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். ஃபவுண்டேஷனை மூக்கின் இரண்டு பக்கம், வாயைச் சுற்றி, நெற்றி நடுவில் என்று மட்டும் வைத்து வெளிப்பக்கமாக ஒற்றிக்கொண்டே போங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் போட்டது கையோடு வந்துவிடும். தாடைக்குப் போகும்போது ஸ்பாஞ்சில் மிச்சம் மீதிதான் இருக்க வேண்டும், அப்போது கழுத்தில் கோடு விழாது. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் அந்த நீலச்சாம்பல் மேல் வெளிர் கன்சீலரை (கருமையை மறைக்கப் பூசும் க்ரீம்) பூசுவது பழைய பிரச்சினையையே திரும்பக் கொண்டுவரும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரைக் கறுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மெல்லியதாக ஒற்றி, அதன் மேல் கொஞ்சம் ஃபவுண்டேஷன். அவ்வளவுதான். கான்டூர், ஹைலைட்டர் எல்லாம் இப்போது உங்களுக்கு வேண்டாம். 23 வயது முகத்துக்கு அது தேவையும் இல்லை என்பது என் கருத்து.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கல்யாணத் தேதி குறித்ததும் யாராவது ஒரு சித்தி வந்து "அதுக்குள்ள கொஞ்சம் கலர் ஏத்திக்கலாம்" என்று ஒரு க்ரீமைக் கையில் கொடுப்பார். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் முதல் மாதம் பளபளப்பாகத்தான் காட்டும், நிறுத்தியதும் பருவும் எரிச்சலும் சிவப்புமாகத் திருப்பிக் கொடுக்கும். பேர் ஊர் இல்லாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருப்பது இன்னும் மோசம். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் அப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சித்தியிடம் சிரித்துக்கொண்டே வாங்கி அலமாரியில்கூட வைக்காமல் குப்பையில் போடுங்கள்.

இப்போது கண். மையில் இருப்பது மெழுகும் எண்ணெயும், கீழே நீங்கள் பூசியிருப்பது க்ரீம், இரண்டும் உடல் சூட்டில் கலந்து வழியத்தான் செய்யும். கண்ணுக்குக் கீழே போட்ட க்ரீமின் ஈரத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, துளி காம்பாக்ட் பவுடரைத் தட்டிவிட்டு அதற்கப்புறம் மை வையுங்கள். கீழிமையின் உள்விளிம்பில் வைக்காமல் இமை முடிகளின் அடியில் மெல்லியதாக இழுத்து, அதே கறுப்பிலோ அடர் பழுப்பிலோ உள்ள ஐ ஷேடோவைச் சின்னப் பிரஷ்ஷில் தொட்டு அதன் மேல் அழுத்தி வைத்தால் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். மேல் இமைக்கு ஐலைனர் போடும்போது கண்ணாடியை மேஜை மேல் படுக்கப்போட்டுக் குனிந்து பாருங்கள், முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் கோடு போட யாராலும் முடியாது, மூன்று குட்டிக் கோடாகப் போட்டுச் சேர்ப்பதுதான் வழி. போட்டதும் அரை நிமிஷம் கீழேயே பார்த்துக்கொண்டிருங்கள், நிமிர்ந்தால் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். லைனரும் மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃபாக இருக்கட்டும். மணமேடையில் அக்கா பக்கத்தில் நிற்கப் போகிறீர்கள், ஹோமப் புகை உங்களை விடாது. தாலி கட்டும்போது அழுகை வேறு வரும். அப்புறம், மை, மஸ்காரா இரண்டையும் யாரோடும் பங்கு போடாதீர்கள், அக்காவோடுகூட.

உதட்டுக்குப் பெரிய பேச்சு இல்லை. செங்கல் நிறமோ மெரூனோ ஒரே ஒரு மேட் லிப்ஸ்டிக், அதையே விரலில் துளி தொட்டுக் கன்னத்தில் கலைத்துவிட்டால் ப்ளஷ் தனியாக வேண்டியதில்லை.

முடிதான் உங்கள் விஷயத்தில் பெரிய வேலை. முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதன் இழைகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தண்ணீரும் அவிழ்க்கும், சூடும் அவிழ்க்கும். காய்ந்து ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே அவை திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆக, கர்ல் உருவாவது கருவியில் சுற்றியிருக்கும்போது இல்லை, கருவியை எடுத்த பிறகு ஆறும் நேரத்தில்தான். சுருளாக இருக்கும்போதே உள்ளங்கையில் ஏந்தி, அப்படியே தலையோடு கிளிப் போட்டுக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். முடி முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் இருக்கக்கூடாது, 150 முதல் 180 டிகிரி போதும். ஈர முடியில் சூட்டுக் கருவியை வைத்தால் முடிக்குள்ளேயே தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டு அந்த இடத்தில் முறிந்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும் என் நேரான யோசனை, கல்யாணத்தன்று கர்லை மறந்துவிடுங்கள். இடுப்பு வரை உள்ள முடிக்குத் தன் எடையே எதிரி, அதிலும் ஆவணியில் உங்கள் பக்கம் சாரல் முழுசாக விட்டிருக்காது, ஈரக்காற்று அந்தப் பிணைப்புகளை மறுபடி அவிழ்க்கும். ரிசப்ஷனுக்கு வேண்டுமானால் நுனியில் மட்டும் செய்து பாருங்கள். முகூர்த்தத்துக்குக் கொண்டையும் மல்லிகையும்தான், பட்டுப்புடவைக்கு அதைவிட எது எடுக்கும்?

கொண்டை நழுவாமல் இருக்க, முந்தின நாள் காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுங்கள், கண்டிஷனர் நுனிக்கு மட்டும், எண்ணெய் வேண்டாம். வகிடு எடுத்து முன்முடியைத் தனியாக விட்டு, உச்சியில் இரண்டு மூன்று மெல்லிய அடுக்கைப் பின்சீவி, அதாவது நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகத் தலைகீழாகச் சீவி, மேலே மழமழவென்று மூடிவிடுங்கள். பிடரியில் இறுக்கமாக ஒரு ரப்பர் பேண்ட், அதுதான் அஸ்திவாரம். டோனட்டை (கொண்டைக்குள் வைக்கும் வளையம் போன்ற ஸ்பாஞ்ச்) மாட்டி முடியைச் சுற்றிய பிறகு பின் குத்துவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பாபி பின்னில் ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் நெளிநெளியாகவும் இருக்கும், நெளி உள்ள பக்கம்தான் தலையைத் தொட வேண்டும், அந்த நெளியில்தான் முடி சிக்கி நிற்கும். பின்னைப் பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள், வாய் அகன்றுவிட்டால் பிடிமானம் போய்விடும். கொண்டையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் முடியைப் பிடித்து வெளிப்பக்கமாகச் செருகி, அப்படியே புரட்டி, தலையை ஒட்டி ரப்பர் பேண்ட் இருக்கும் மையத்தை நோக்கித் தள்ளுங்கள். உள்ளே ரப்பரில் போய் மாட்டுவது விரலுக்குத் தெரியும். அதன் மேல் குறுக்காக இன்னொன்று, பெருக்கல் குறி போல. இப்படி நாலு பக்கமும் குத்திவிட்டுத் தலையை ஆட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஆடுகிறதோ அங்கே பின் ரப்பரைப் பிடிக்கவில்லை, எடுத்துத் திரும்பக் குத்துங்கள். யூ பின் எடையைத் தாங்காது, அது பூவுக்கு மட்டும். பூச்சரத்தில் ஈரத்தை உதறிவிட்டு, யூ பின்னை நூலின் மேல் குத்துங்கள். பூவின் மேல் குத்தினால் நூல் தொங்கிக்கொண்டே இருக்கும்.

அன்றைய வரிசை இப்படி: குளித்து மாய்ஸ்சரைசர் போட்டதும் பிளவுஸும் பாவாடையும் போட்டுவிடுங்கள், அதன் மேல் முன்பக்கம் பட்டன் வைத்த ஒரு பழைய சட்டை. க்ரீம் இறங்குகிற நேரத்தில் கொண்டையை முடித்துவிடலாம், காத்திருந்த மாதிரியே தெரியாது. பிறகு முகம், பிறகு புடவை, பிறகு பூ, கடைசியில் லிப்ஸ்டிக். மண்டபத்து ரூம்களில் விளக்கு உச்சந்தலைக்கு மேல் இருக்கும், கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து கூடுதலாகப் பூசச் சொல்லும். வீட்டிலிருந்து ஒரு எல்.இ.டி. விளக்கு கொண்டுபோய் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாளாவது விடிகாலை 3 மணிக்கு எழுந்து, புடவை உட்பட எல்லாவற்றையும் கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். மற்ற நாள் பழக்கத்துக்குச் சாயங்காலம் முகம் கழுவுவதற்கு முந்திய நேரம் வசதி, எப்படியும் கழுவத்தானே போகிறீர்கள். முதல் சில வாரம் கண் மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும் போட்டு மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

3,000 ரூபாயில் பெரிய பங்கை ஃபவுண்டேஷனுக்குக் கொடுங்கள். மிச்சத்தில் கரெக்டர், காம்பாக்ட், லைனர், மை, மஸ்காரா, லிப்ஸ்டிக், ஸ்பாஞ்ச், பின்கள், டோனட், சின்ன ஹேர் ஸ்ப்ரே. ஷேடோவுக்குக் கறுப்பும் பழுப்பும் சேர்ந்த குட்டி டப்பா போதும், பெரிய பேலட்டும் டஜன் பிரஷ் செட்டும் ஆசை காட்டும், வேண்டாம். லேபிளில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். புதிதாக வாங்கிய எதையும் முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

க்ளாஸ் விஷயம். உங்களுக்கு மட்டும் போட்டுக்கொள்ள ஆயிரக்கணக்கில் கட்டி சர்ட்டிஃபிகேட் கோர்ஸ் சேர வேண்டியதில்லை. பிடித்துப்போய்த் தொழிலாகவே செய்யலாம் என்று தோன்றினால், மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள், ஏறக்குறைய ஒரு மாதம் அழகுக்கலைப் பயிற்சி இலவசமாகக் கொடுக்கிறார்கள். சில ஐ.டி.ஐ.-களில் ஓராண்டு காஸ்மெட்டாலஜி படிப்பும் உண்டு.

ராத்திரி எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் கலைக்காமல் படுக்காதீர்கள். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு மூடிய கண் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் வாட்டர்ப்ரூஃப் லைனர் தானாக வரும், பிறகு ஃபேஸ் வாஷ். ஸ்ப்ரே அடித்துப் பின்சீவிய முடியில் நேராகச் சீப்பைப் போட்டால் கொத்தாக வந்துவிடும். பின்களை ஒவ்வொன்றாக எடுத்து, தலையை நனைத்து, ஷாம்புவுக்கு முன்னாலேயே நிறையக் கண்டிஷனர் போட்டு விரலால் சிக்கெடுங்கள், சீப்பு அதற்கப்புறம்தான்.