அரிப்பே இல்லை, அப்புறம் எப்படிச் சிரங்கு?

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 78 வயது, படுத்த படுக்கை. கையிலும் முதுகிலும் செதில் செதிலாக உதிர்கிறது. சொரியாசிஸ் என்று ஆறு மாதமாக ஸ்டீராய்டு களிம்பு தடவுகிறோம். அவருக்கு அரிப்பில்லை. பார்த்துக்கொள்ளும் அக்காதான் ராத்திரியெல்லாம் சொறிகிறாள்.

பதில்: அப்பாவின் நோயை அக்காவின் அரிப்பு காட்டிக்கொடுக்கிறது. இது சொரியாசிஸ் இல்லை, சிரங்காக இருக்கலாம்: தோலுக்குள் குடியேறி, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நுண்ணிய பூச்சியால் வருவது. சாதாரணச் சிரங்கில் உடம்பு முழுக்கத் தேடினாலும் பத்துப் பதினைந்து பூச்சிதான். எதிர்ப்பு சக்தி குன்றியவர்களிடம் ஆயிரம், லட்சம் என்று பெருகித் தோல் பொருக்குத் தட்டிவிடும். அரிப்பு இல்லாமலே இருக்கலாம். 1848இல் நார்வே மருத்துவர்கள் தொழுநோயாளிகளிடம் கண்டு எழுதியது இதைத்தான். தோலின் எதிர்ப்பைக் குறைக்கும் அந்த ஸ்டீராய்டு களிம்பு பூச்சிக்கு வைத்த விருந்து.

செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சி, முட்டை, எச்சம் தெரியும். உறுதியானால், பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் பூச்சு மட்டும் போதாது. ஐவர்மெக்டின் மாத்திரையும் வேண்டும். வழக்கமாக 1, 2, 8, 9, 15ஆம் நாட்களில், எடை பார்த்து, தோல் மருத்துவர் தருவார். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், அடியில் பூச்சி தங்கும்.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை, உள்ளங்காலில் கொப்புளம்.

பதில்: கைக்குழந்தைக்கு உள்ளங்கால், தலையில்கூட வரும். மருத்துவரிடம் காட்டுங்கள். சிரங்குதான் என்றால் 5% பெர்மெத்ரின். கண், வாய் ஓரம் விட்டுத் தலைக்கும் சேர்த்து. கை சூப்பாமல் உறை மாட்டுங்கள். வீட்டில் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு (லிண்டேன்) என்ற பழைய சிரங்கு லோஷன் இருந்தால் தூக்கி எறியுங்கள். வலிப்பு வரவைக்கும்.

கேள்வி: வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசினால் போதாதா? 1992 ஆய்வில் 814 பேரில் 97% குணமாம்.

பதில்: படித்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, அதைப் பூசாத இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை.

கேள்வி: எங்கள் பாட்டிக்கு என்ன குழு வைத்துப் பார்த்தார்கள்? குணமாச்சே!

பதில்: உங்கள் பாட்டி திடமான மனுஷி. நான் பேசுவது படுக்கையில் கிடப்பவரையும் கைக்குழந்தையையும் பற்றி. அவ்வளவு தடித்த பொருக்குக்குள் உங்கள் விழுது இறங்காது. கோபம் வேண்டாம்.

கேள்வி: மருந்து பூசியும் அரிக்கிறதே?

பதில்: இதே கேள்வி நாலாவது தடவை. பூச்சி செத்தாலும் இரண்டு, நான்கு வாரம் அரிக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி பூசினீர்களா? மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: நாயிடமிருந்து வருமா?

பதில்: நாயின் சிரங்குப் பூச்சி வேறு வகை. மனிதத் தோலில் பெருகாது.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். நாளை அப்பாவைக் கூட்டிப்போகிறேன். அக்காவுக்கும் பூசினால் போதுமா?

பதில்: அரிக்காதவர்களும் சேர்ந்து, வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி. முதல்முறை தொற்றினால் அரிக்கத் தொடங்கவே நாலு, ஆறு வாரம் ஆகும். துணியைக் கொதிநீரில் அலசுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் மருந்து வாங்கிக் கொடுங்கள், உங்கள் செலவில்.